பாதி பாட்டில் ஜெர்மனி

வெளிநாட்டிலிருந்து விமானத்தில் பீர் கொண்டுவந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். பாதியைக் குடித்துவிட்டு, மீதிப் பாதியை அதே பாட்டிலில் மூடி எடுத்துக்கொண்டு கடல் தாண்டி வந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கிரேன் நைனா. இன்னொருவர் இருக்கிறார் என்று யாராவது எனக்குக் கடிதம் எழுதினால் படிப்பேன். நம்ப மாட்டேன்.

எழுபதுகளின் நடுவில் நான் கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் இடையே இருந்த ஓர் இரும்புக் கம்பெனியில் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதுவது என் வேலை. நைனாவுக்கு என் பதிவேட்டில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்ப்பார். ஆரம்பாக்கம் பக்கத்து ஆள், வீட்டில் தெலுங்கு. அதனால் ஊருக்கே நைனா.

ஷெட்டின் கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் பெரிய கிரேனுக்கு அவர்தான் டிரைவர். காலையில் ஏணி ஏறி கேபினில் உட்கார்ந்தால் சாயங்காலம் சங்கு ஊதும்போதுதான் தரையில் கால் வைப்பார். அவருடைய மத்தியானச் சாப்பாடு கிரேன் கொக்கியில் மாட்டி மேலே போகும். டன் கணக்கில் இரும்பைத் தூக்குகிற கொக்கியில் ஒரு சின்னத் தூக்குச் சட்டி ஆடிக்கொண்டு போகிற அழகைப் பார்க்க, வெளியூரிலிருந்து வந்த ஆடிட்டர்கூட வேலையை விட்டுவிட்டு நின்றிருக்கிறார். சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்க நான்தான் ஏணி ஏற வேண்டும்.

பஞ்சாயத்தும் மேலிருந்துதான். மாமியார் மருமகள் சண்டை, வரப்புத் தகராறு எதுவானாலும் சாப்பாட்டு நேரத்தில் கீழே நின்று அண்ணாந்து கத்த வேண்டும். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரு வரியில் தீர்ப்புச் சொல்வார். சொன்ன கையோடு கிரேன் மணியை அடிப்பார். மணி அடித்துவிட்டால் கேஸ் முடிந்தது. அப்பீல் கிடையாது.

இப்படிப்பட்ட மனிதர் ஒரே ஒருவருக்குத்தான் கட்டுப்படுவார். அது முனுசாமி. கீழே நின்று லோடுக்குச் சங்கிலி மாட்டி, மேலே இருப்பவருக்குக் கை காட்டுகிற கலாசி. ஷெட்டின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. தூக்கு, இறக்கு, நிறுத்து எல்லாம் கைதான். இந்த இரண்டு பேரும் வேலைக்கான ஜாடையோடு நிற்கவில்லை. டீ வந்துவிட்டது, மானேஜர் வருகிறார், காலையில் வீட்டில் சண்டை, சண்டைக்குக் காரணம் மச்சான் என்பது வரைக்கும் கையிலேயே பேசிக்கொள்வார்கள். என்னைப் பற்றிப் பேசும்போது காதில் பேனா செருகுவதுபோல் காட்டுவார்கள். என்ன பேசினார்கள் என்பது மட்டும் எனக்குக் கடைசிவரை தெரியாது.

ஒருநாள் முனுசாமிக்குக் காய்ச்சல், மத்தியானமே வீட்டுக்குப் போய்விட்டார். நைனா தூக்கிய லோடு அந்தரத்தில் நிற்கிறது. மானேஜரே கீழே வந்து கை காட்டினார். நைனா கூரையில் இருந்த புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யோவ், எறக்குய்யா!"

"கை காட்றவன் வரட்டும் சார். கண்டவன் கை காட்டி எறக்குனா எவன் தலையிலயாவது எறங்கும்."

மானேஜர் 'கண்டவன்' ஆனது அன்றைக்குத்தான். கடைசியில் சைக்கிளில் ஆள் போய் முனுசாமியை ஏற்றிக்கொண்டு வந்தது. போர்வை போர்த்திய முனுசாமி ஷெட்டுக்குள் வந்தார், போர்வைக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் வெளியே எடுத்து இறக்கச் சொல்லிக் காட்டினார், லோடு இறங்கியதும் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார்.

நம் பக்கம் மறுபடி மதுவிலக்கு வந்திருந்த சமயம் அது. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ரயிலேறி, எல்லை தாண்டி தடாவில் இறங்கி, ஒரே ஒரு பாட்டில் பீர் வாங்குவார்கள். இரண்டாவது பாட்டில் என்ற பேச்சே கிடையாது. "ஆளுக்கு ஒரு பாட்டிலு குட்ச்சா அது குடி. ஆளுக்குப் பாதி குட்ச்சா அது ஃப்ரெண்ட்ஷிப்பு" என்பது நைனாவின் சட்டம். அவர் கிளாசில் ஊற்றுவார். முனுசாமி மேஜை மட்டத்துக்குக் கண்ணை வைத்துக்கொண்டு கை காட்டுவார். கை மடங்கியதும் ஊற்றுவது நிற்கும். ஒருமுறை நானும் கூடப் போயிருக்கிறேன். எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அந்தப் பாதியில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்று எனக்கும் தெரிந்திருந்தது.

இந்த நேரத்தில்தான் கம்பெனி ஜெர்மனியில் ஒரு புது கிரேன் வாங்கியது. ஓட்டக் கற்றுக்கொள்ள இரண்டு மாதத்துக்கு ஒரு டிரைவரை அனுப்ப வேண்டும். நைனா பெயர் வந்தது. ஷெட்டே கைதட்டியது. நைனா நேராக மானேஜர் அறைக்குப் போய், "ரெண்டு டிக்கெட்டு போடுங்க சார்" என்றார். கிரேன் கற்றுக்கொள்ளக் கலாசி எதற்கு என்று மானேஜர் சிரித்தார். அப்படியானால் நானும் போகவில்லை என்று நைனா சொன்னதற்கு, மெட்ராசிலிருந்து வேறு டிரைவரை எடுத்து அனுப்பிவிட்டு அவனையே வேலைக்கு வைத்துக்கொள்வேன் என்றார் மானேஜர். நைனாவுக்கு மூன்று பெண்கள். ஒப்புக்கொண்டு வெளியே வந்தார்.

வாசலில் முனுசாமி நின்றிருந்தார். "போய் வா நைனா. மேல ஒக்கார்றவனுக்குத்தான் ஏரோப்ளேனு. கீய நின்னுகினு கை காட்றவனுக்கு இன்னா கீது?"

"டேய், நான் கேட்டேன்டா..."

"கேட்ட, சரி. இல்லன்னாங்க. இப்ப நீ போறியா இல்லியா?"

அன்றோடு பேச்சு நின்றது. வேலைக்கான ஜாடை மட்டும் நடந்தது. டீ வந்தால் முனுசாமி மேலே பார்க்காமல் போய்க் குடித்தார். வழியனுப்ப எல்லோரும் போனோம், அவர் வரவில்லை.

நைனா போன பிறகு முனுசாமியை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். டீக்காரர் ஷெட்டுக்குள் நுழைந்ததும் அவர் கை தானாக மேலே போகும். கேபினில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பார். தூக்கிய கையால் சட்டையில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை அவர் தடா பக்கமே போகவில்லை.

அங்கே ஜெர்மனியில் நைனாவின் கதை வேறு. வேலையில் ஒரு குறையும் இல்லை. "அந்த ஊர்க் கலாசியும் நல்லாத்தான் கை காட்டுவான் தம்பி. ஆனா டீ வந்துச்சுன்னு மேல பாத்துச் சொல்ல ஒருத்தன் இல்ல" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். சாயங்காலம் எல்லோரும் பீர் குடிக்கப் போவார்கள். நைனா முன்னால் ஒரு பாட்டில் வைப்பார்கள். நைனா சரியாகப் பாதி குடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். இந்தியர்களின் வழக்கமே இதுதான் போலிருக்கிறது என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவருக்குக் கற்றுக்கொடுத்த மேஸ்திரி மட்டும் கடைசி நாள் சாயங்காலம் ஏன் என்று கேட்டார். நைனாவுக்கு ஜெர்மன் தெரியாது, மேஸ்திரிக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் சரியாக வராது. ஆனால் இரண்டு பேரும் கிரேன்காரர்கள். மேலே ஒருவன், கீழே ஒருவன், நடுவில் ஒரு பாட்டில், ஆளுக்குப் பாதி என்று நைனா கையாலேயே சொல்லி முடித்தார். மேஸ்திரி எழுந்து போய் வேறு ஒரு பாட்டில் கொண்டுவந்தார். பீங்கான் மூடி, கம்பிக் கொக்கி. திறந்தால் திரும்ப இறுக்கி மூடலாம்.

நைனா அதில் பாதியைக் குடித்து, லேபிளில் நகத்தால் ஒரு கோடு கிழித்து, மூடிவிட்டார்.

"ஏன் நைனா, திறக்காத பாட்டிலாகவே கொண்டுவந்து இங்கே இரண்டு பேரும் குடித்திருக்கலாமே?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இங்க வந்து குட்ச்சா அது இங்க குட்ச்சது தம்பி. நான் அங்க ஒக்காந்து பாதி குட்ச்சேன். அதே பாட்டில்ல மீதிய அவன் குட்ச்சா, அவனும் அங்க வந்து எதிர்ல ஒக்காந்து குட்ச்சான்னுதான அர்த்தம்? டிக்கெட்டு ஒண்ணுதான் குட்த்தானுங்க. நான் ரெண்டு பேரா போய் வந்தேன்."

பாதி பீரை விமானத்தில் கொண்டுவருவது சுலபமில்லை. கொஞ்சம் குலுங்கினாலும் நுரை மேலே ஏறி மூடியைத் தள்ளப் பார்க்கும். கம்பிக் கொக்கியை நைனா நம்பவில்லை. பாட்டிலை ஸ்வெட்டரில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வலது கைக் கட்டைவிரலால் மூடியை அழுத்திக்கொண்டே மெட்ராஸ் வரை வந்தார். சாப்பாடு இடது கையால். இடது கையால் சாப்பிட்டது எங்கள் ஊரில் அவருடைய சம்சாரத்துக்கு இன்றுவரை தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நடுவில் விமானப் பணிப்பெண் ஒரு பீர் நீட்டினாள். வேண்டாம் என்றார். காசு கிடையாது என்று அவள் சொன்னாள். அப்போதும் வேண்டாம். "அதுல பாதிய நான் குட்ச்சிட்டா, மீதிப் பாதிய எந்தக் கையில புட்ச்சிகினு வர்றது?"

நைனா திரும்பி வந்த அன்று மீனம்பாக்கத்துக்குக் கம்பெனி வேன் கிளம்பியபோது, "எனக்கு அங்க இன்னா வேல?" என்று காலையில் சொன்ன முனுசாமி முதல் சீட்டில் சலவைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். நான் பார்த்ததும், "ஏரோப்ளேனு பாக்க வந்தேன். அவன பாக்க இல்ல" என்றார். ஏரோப்ளேன் இறங்கியபோது அவர் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுங்கச் சோதனை நடக்கிற இடத்துக்கும் எங்களுக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. நாங்கள் இந்தப் பக்கம் நின்றோம். உள்ளே நடந்த பேச்சை நைனா பிறகு சொல்லித்தான் கேட்டேன். அதிகாரி ஸ்வெட்டரைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

"என்னய்யா இது?"

"பீரு சார்."

"பர்மிட் இருக்கா?"

"இல்ல சார்."

"பாதிதானே இருக்கு?"

"என் பாதிய அங்கியே குட்ச்சிட்டேன் சார். இது முனுசாமிது."

"யாருதா இருந்தாலும் பர்மிட் இல்லாம வெளியே போகாது. அதோ வாளி இருக்கு, கொட்டிட்டுப் போ."

"என்னுத கொட்டச் சொன்னா கொட்டிடுவேன் சார். இது அவன்து. அவன் சொல்லாம நான் எப்பிடி கொட்றது?"

அதிகாரி அதட்டிப் பார்த்திருக்கிறார், பெட்டியைப் பிடித்து வைத்துக்கொள்வேன் என்று பயமுறுத்தியும் பார்த்திருக்கிறார். நைனா நகரவில்லை. அப்போதுதான் திரும்பி, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களைப் பார்த்தார்.

முனுசாமி தூணுக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தார். முடியவில்லை. நைனா பாட்டிலை உயரத் தூக்கிக் காட்டி, லேபிளில் இருந்த நகக்கோட்டை விரலால் தொட்டார்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டேன்.

"எனக்கு வச்ச பாதின்றான்" என்றார் முனுசாமி. அப்புறம், "அவ்ளோ தூரம் போய், பாதிதான் குட்ச்சிகிறான் அந்தாளு" என்றார்.

உள்ளே நைனா வாளியைக் காட்டினார், அதிகாரியைக் காட்டினார், என்ன செய்ய என்று கையை விரித்தார். முனுசாமி முன்னால் நடந்து கண்ணாடியை ஒட்டி நின்றார். வலது கையைத் தூக்கினார். விரல்கள் கீழ்நோக்கி மெல்ல அசைந்தன. இறக்கு. மெதுவா.

நைனா பாட்டிலைச் சாய்த்தார். வாளியைப் பார்க்கவே இல்லை, முனுசாமியின் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரியும் வாளியை விட்டுவிட்டுக் கண்ணாடிப் பக்கம் பார்க்க ஆரம்பித்தார். முனுசாமியின் கை சட்டென்று மடங்கியது. நைனா நிறுத்தினார். பாட்டிலின் அடியில் ஒரு வாய் மிச்சம் இருந்தது. அதிகாரி பாட்டிலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அப்புறம் வரிசையில் அடுத்து நின்றவரின் பெட்டியைத் திறக்கச் சொல்லி, அதற்குள் தலையை விட்டுக்கொண்டார்.

நைனா வெளியே வந்தார். இரண்டு பேரும் வேனுக்குப் பின்னால் போனார்கள். நைனா பாட்டிலை நீட்டினார். மே மாத வெயிலில், காற்றுப்போன, வெந்நீர்போலச் சூடாக இருந்த பீர். முனுசாமி அதில் பாதியைக் குடித்துவிட்டு மீதியை நைனாவிடம் கொடுத்தார். அந்த ஒரு வாயிலும் பாதி.

"எப்பிடிடா கீது?" என்றார் நைனா.

முனுசாமி புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சட்டைக் காலரைக் கழுத்து வரை இழுத்துவிட்டுக்கொண்டு தோளைக் குறுக்கினார்.

"அப்பா, இன்னா குளிரு நைனா அந்த ஊர்ல!"

வேன் கவரைப்பேட்டை வந்து சேரும்வரை இரண்டு பேரும் ஜெர்மனியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். பனி எப்படிப் பெய்தது, ரொட்டி எவ்வளவு கெட்டி, மேஸ்திரி எவ்வளவு நல்ல மனிதர் என்று முனுசாமியும் சரிக்குச் சரி சொல்லிக்கொண்டு வந்தார். நைனா எதையும் மறுக்கவில்லை. நான் பின் சீட்டில் இருந்தேன்.

இரண்டு பேரும் இப்போது இல்லை. எனக்கும் நல்ல சிநேகிதர்கள் கிடைத்தார்கள், குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டுக்குப் போய் வரும்போது முழு பாட்டிலாகவே வாங்கிவந்து கொடுக்கிறவர்கள். ஆனாலும் ஒரே ஒரு நாள் நான் அந்த முனுசாமியாக இருந்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.