ஜரிகைக்குக் கூவிய கதவு

'அடுக்கும் அலமாரியும்' வலைப்பூவின் ஆசிரியர் அவர்களுக்கு,

சின்னக் காஞ்சிபுரத்திலிருந்து தணிகாசலம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் இணைய இணைப்பும் நலம். தாங்களும் தங்கள் தளமும் முடங்காமலிருக்க வேண்டுகிறேன்.

மின்வாரியத்தில் ஓய்வு பெற்றதிலிருந்து நான் தங்கள் அன்றாட வாசகன். எந்தப் பதிப்பகம் என்ன வெளியிடுகிறது, எந்த ஊர் நூலகத்தில் என்ன இயந்திரம் வந்திருக்கிறது என்று விடாமல் படிக்கிறேன். இதற்கே பொழுது சரியாகிவிடுவதால் புத்தகம் எதையும் படிக்க முடிவதில்லை. எங்கள் தெருப் படிப்பகத்துக்கு நான்தான் செயலாளர். பதிவு செய்யாத புத்தகத்தோடு வெளியே போனால் கூவுகிற கதவு பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்து, பிடிவாதமாக ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினேன். வினை அங்கேதான் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போன கையோடு பட்டுப்புடவையில் வந்த நாமகிரி அம்மாள் திரும்பிப் போகையில் கதவு கூவியது. பின்னால் அதேபோல் பட்டில் வந்த ஸ்ரீவல்லி டீச்சருக்கும் கூவியது. இருவரும் மதிப்புக்குரியவர்கள், சோதனை போட முடியுமா? உலோகம் அருகே வந்தால் இந்த இயந்திரம் தடுமாறும் என்று தாங்கள் எழுதியது நினைவுக்கு வர, "ஒண்ணுமில்லம்மா, உங்க புடவைல சுத்த ஜரிகை. அதான் கத்துது" என்றேன். "ஆமாமா, சுத்த ஜரிகைதான்" என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டு வேகமாக நடந்தார்கள்.

கதவு சுத்த ஜரிகைக்குத்தான் கூவும் என்ற பேச்சு பரவி, மறுநாளே ஊரிலுள்ள பட்டுப்புடவைகள் எல்லாம் படிப்பகத்துக்கு வரத் தொடங்கின. தாமலிலிருந்துகூட ஆட்டோ பிடித்து வந்தார்கள். ஒருவரும் புத்தகத்தைத் தொடவில்லை. கதவுக்குள் போனார்கள், வந்தார்கள், காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கதவு வாயே திறக்கவில்லை. விற்றது போலி ஜரிகை என்று அத்தனை பேரும் நேராக ராமலிங்கத்தின் புடவைக் கடை முன்னால் போய் நின்றார்கள். ராமலிங்கம் என் பள்ளித் தோழன். என் கல்யாணப் புடவையே அவன் அப்பா கடையில் எடுத்ததுதான். "தணிகாசலம், எங்கப்பா காலத்துலேர்ந்து சம்பாதிச்ச பேருபா. உன் கதவு ஒரே வாரத்துல கெடுத்துட்டுதே!" என்று படிப்பக வாசலில் நின்று அழுதுவிட்டான். அந்த நேரம் பார்த்து என் மனைவி காந்தா அதே கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து கதவைக் கடந்தாள். சத்தமே இல்லை. "இத்தினி வருஷமா போலியத்தான் பொட்டில வச்சிக்கினு இருந்தேனா?" என்று கேட்டாள். அதன்பிறகு என்னோடு பேசுவதில்லை. தட்டை மட்டும் சத்தமாக வைக்கிறாள்.

ஆகவே தாங்கள் அந்தப் பதிவை உடனே நீக்கி, மேற்படி இயந்திரத்துக்கு ஜரிகையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று மறுப்பு வெளியிட்டு, ஒரு வியாபாரியையும் ஒரு குடும்பத்தையும் காப்பாற்றும்படி கேட்டுக்கொள்கிறேன். தங்கள் தளம் பல்லாண்டு பழுதின்றித் திறக்கட்டும்.

இப்படிக்கு,
தணிகாசலம்

பின்குறிப்பு: இதை அனுப்பும் முன் கதவைப் பொருத்திய சந்தோஷ்குமார் வந்து சோதித்தார். "சார், இது ஜரிகைக்கெல்லாம் கத்தாது. புத்தகத்துக்குத்தான் கத்தும். மொதல்ல அலமாரியப் பாருங்க" என்றார். பார்த்தோம். இரண்டு நாவல்களைக் காணவில்லை. ஆளுக்கு ஒரு புத்தகம்தான் என்று நான் போட்ட விதியால், நாமகிரி அம்மாளும் டீச்சரும் ஒன்றைப் பதிந்துவிட்டு இன்னொன்றை முந்தானைக்குள் வைத்துப் போயிருக்கிறார்கள். ராமலிங்கம் பிழைத்தான். பதிவை நீக்க வேண்டாம். காந்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "அப்ப அவங்க ரெண்டு ரெண்டா எடுத்துக்கினு போயி படிச்சிருக்காங்க. நீங்க போட்ட சட்டமாச்சேன்னு நான் ஒருத்திதான் ஒண்ணோட குந்திக்கினு இருந்தேனா?" என்றாள். கோபம் அப்படியே இருக்கிறது. காரணம்தான் மாறியிருக்கிறது.