முந்நூறு மில்லிப் போர்

2025 நவம்பர் 22, சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, ஒலக்கூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில், இருதயசெல்வியின் ஃப்ரீசரில் இருநூறு மில்லி ஆட்டுப்பால் இருந்தது, வேண்டியது முந்நூறு.

வாழ்க அவள்! முகப்பருக்களின் பகைவி, வெடித்த குதிகால்களின் தஞ்சம், யூடியூப் என்னும் பாற்கடலை மூன்று மாதம் கடைந்து சோப்பு என்னும் அமுதம் கண்ட மாதரசி, தொம்மையின் இல்லத்தரசி, இருதயசெல்வி வாழ்க! திண்டிவனத்தில் பியூட்டி பார்லர் நடத்தும் டயானா, கிறிஸ்துமஸ் விற்பனைக்கு முப்பது ஆட்டுப்பால் சோப்பு கேட்டிருந்தாள். அது செல்வியின் முதல் ஆர்டர். டிசம்பர் இருபதாம் தேதி சோப்பு பார்லரில் இருக்க வேண்டும். அச்சில் ஊற்றிய சோப்பு காய்ந்து பக்குவப்பட நான்கு வாரம் ஆகும். ஆகவே இன்று ஊற்றினால் உண்டு, நாளை ஊற்றினால் இல்லை. பால் பவுடரைக் கரைத்து ஆட்டுப்பால் என்று விற்றவர்களிடம் இருமுறை ஏமாந்த டயானா, ஊற்றுவதைக் கண்ணால் காண மதியம் தானே எழுந்தருளுவதாக வாட்ஸப்பில் ஆணையும் விடுத்திருந்தாள்.

எதிரணியில் நின்றது கொம்பி என்னும் வெள்ளாடு. வளைந்த கொம்பினள், மஞ்சள் விழியினள், கருவேல முள்ளை முறுக்குப்போல் மெல்லும் வாயினள். குட்டி வாய் வைத்தாலன்றி ஒரு சொட்டும் சுரக்காதவள். குட்டியோ, வாய் வைத்தால் ஒரு சொட்டும் மிச்சம் வைக்காதவன்.

குட்டியை மடியில் ஊட்டவிட்டு, பால் இறங்கிய அக்கணமே தொம்மை அதைப் பிடுங்கி மார்போடு அணைக்க, பிள்ளையைப் பறிகொடுத்த கொம்பி ஊழிக்காற்றென உறுமிப் பின்னங்காலை ஓங்க, வருகிற உதையை முழங்கையால் தாங்கி, சொம்பை இடுக்கிக்கொண்டு, மாரிக்கால மேகம்போல் செல்வி பீய்ச்சலானாள்.

“யோவ், குட்டிய உட்டுடாத! உட்டன்னா உன்னத்தான் கறப்பேன்!” என்று முழங்கினாள் தலைவி.

“ஜல்தியாக் கறம்மே! இது என் சட்டப் பொத்தானத் துன்னுகினு கீது!” என்று அலறினான் தலைவன்.

இரண்டு உதை, ஒரு முட்டு, ஒரு பொத்தான் ஆகிய இழப்புகளுக்குப் பின் சரியாக நூறு மில்லி கைப்பற்றப்பட்டது. விடுதலை பெற்ற குட்டி எஞ்சியதை உறிஞ்சித் தீர்த்தது. வென்ற பால் ஐஸ் தட்டில் புகுந்தது. ஏனெனில் காஸ்டிக் சோடாவின் வெப்பத்தைத் தாங்க வல்லது உறைந்த பாலே, உறையாத பால் கருகிவிடும்.

நண்பகல். செல்வி போர்க்கோலம் பூண்டாள். தலைக்குத் தொம்மையின் பைக் ஹெல்மெட், உடலுக்கு மழைக்கோட்டு, கைகளுக்கு முழங்கை வரை ஏறிய மஞ்சள் ரப்பர் உறை. காஸ்டிக் சோடா என்னும் நெருப்புக் கணைகளைக் கிராம் பிசகாமல் நிறுக்கவும், தேங்காய் எண்ணெயைச் சூடாக்கவும் புறக்கடைக்குப் புறப்பட்டாள்.

அவ்வேளையில் வாசலில் ஆட்டோ நின்றது. டயானா வந்தாள். வரவேற்ற தொம்மையோ விருந்தோம்பலில் மலை. வந்தவரை வெறும் வாயோடு அனுப்பியறியாதவன். பாக்கெட் பால் காலைக் காப்பியோடு தீர்ந்திருந்தது. ஃப்ரீசரைத் திறந்தான். வெண்முத்துக்கள்போல் பால்கட்டிகள் ஒளிர்ந்தன. சோப்பு வேலை பின்னால் தொடங்கிவிட்டது, எனவே அதற்கான பாலும் பின்னால் போயிருக்கும், எனவே இங்கே கிடப்பது மிச்சம் என்று, தர்க்க நூல் வல்லார்போல் படிப்படியாகத் தெளிந்து, சொட்டுத் தண்ணீரும் கலவாமல், முழுவதையும் டீயாக்கினான்.

எண்ணெய் தயார், சோடா தயார் என்ற வெற்றிக் களிப்போடு செல்வி ஹெல்மெட்டும் தானுமாக உள்ளே நுழைந்தாள். ஃப்ரீசரைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

“அக்கா, உன்ன சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சிக்கோ” என்றாள் டயானா, காலி டம்ளரை மேசைமேல் வைத்தபடி. “ஒரு வாயிலியே தெரிஞ்சிபோச்சி. அசல் ஆட்டுப்பால்தான்.”

ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளிக் கணவனை நோக்கினாள் செல்வி. அந்தப் பார்வையில் மூன்று உலகங்களும் நடுங்கின, ஓடுகள் அதிர்ந்தன, பொத்தானற்ற சட்டையைப் பிடித்துக்கொண்டு தொம்மை ஓரடி பின்வாங்கினான்.

“அது... இன்னொரு தபா கறந்துட்டாப் போச்சி,” என்றான்.

“ஆங், கறப்ப! அவன் வயித்தப் பிழிஞ்சி கறப்பியா?” என்று அவள் கைநீட்டிய திசையில், மடி வற்றிய கொம்பி மகுடம் தரித்த பேரரசிபோல் அசைபோட்டுக் கிடக்க, வயிறு புடைத்த இளவரசன் அவளருகே உறங்க, வீணாய்க் காய்ந்த எண்ணெய் புகைய, நிறுத்து வைத்த சோடா நிகரற்ற வீரம் இருந்தும் போரிட ஆளின்றிக் கிண்ணத்தில் வெறுமனே வெளுத்திருக்க, நான்கு வாரக் கணக்கில் ஒரு நாளையும் திரும்பத் தராத சூரியன் உச்சியிலிருந்து மேற்கே சாயலானான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு டயானாவின் பார்லரில் கடை சோப்புதான் விற்றார்கள்.