கரண்ட் போனால் நிற்கும் ஊசல்

பௌதிகவியல் என்னும் பெருங்கலை முழுமை பெற்றது 2004ஆம் ஆண்டு மார்ச் மாதத்து ஒரு புதன்கிழமை, பகல் பதினொன்றரை மணிக்கு. இடம், இலங்கையில் றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் தமிழ் வித்தியாலயம். அதற்கு முன் உலகத்தில் நடந்த ஆராய்ச்சிகள் எல்லாம் வெறும் ஒத்திகை. அன்றுதான் கல்வி அலுவலகத்து லொறியிலிருந்து ஒரு கொம்பியூட்டரும், "ஊடாடு பௌதிகவியல்" என்று சிங்களத்தில் அச்சடித்த ஓர் இறுவட்டும் இறங்கின.

விஞ்ஞான ஆசிரியர் புஸ்பநாதன் அந்த நாளுக்காகவே பிறந்தவர். வயது இருபத்தாறு. இரத்தினபுரிப் பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட மொழிபெயர்ப்பு நாவல்களை வாசித்து வாசித்து, தான் இருப்பது றக்வானை மலையில் அல்ல, பனி மூடிய ஏதோவொரு தூர தேசத்து மாகாணப் பள்ளிக்கூடத்தில் என்று பாதி நம்பியிருந்தார். அந்த நாவல்களில் ஆசிரியர்கள் ஜன்னலோரம் நின்று தேநீர் குடித்தபடி மனிதகுலத்தின் எதிர்காலத்தை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். இவரும் ஜன்னலோரம் நின்றார், பிளேன்டீ குடித்தார், பெருமூச்சு விட்டார். கொழுந்துச் சாக்கோடு அந்த வழியாகப் போன மருதாயி, "சேருக்கு வயித்து வலி போல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொம்பியூட்டரை வைக்க மேசை இல்லை. ஆனால் வகுப்பறை மூலையில், சரியாக மேசை உயரத்தில், ஒரு மரப்பெட்டி இருந்தது. "விஞ்ஞான உபகரணங்கள்" என்று எழுதி, பூட்டுக்கு மேல் அரக்கு முத்திரை வைத்து, 1996இல் வந்த பெட்டி. எட்டு வருடமாகத் திறக்கப்படவில்லை. இதில் குறை காண்பவர்களுக்கு அரசாங்க நடைமுறை தெரியாது. வருடாவருடம் பொருள்களைச் சரிபார்க்க ஒரு குழு வரும். முத்திரை உடையாமல் இருந்தால், "பெட்டி ஒன்று, சரி" என்று எழுதிவிட்டுப் போய்விடும். உடைந்திருந்தாலோ உள்ளே உள்ள ஒவ்வொரு கண்ணாடிக் குழாய்க்கும் ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அந்தப் பெட்டியின் சாவி, ஒரு விஞ்ஞான ஆசிரியரிடமிருந்து அடுத்த விஞ்ஞான ஆசிரியருக்கு, ஒரு தடவைகூடத் துவாரத்தைக் காணாமல் பக்தியோடு கைமாறி வந்தது.

இப்போது பெட்டிமேல் கொம்பியூட்டர் ஏறியது. பெட்டியைத் திறக்காமல் இருப்பதற்கு நவீனமான ஒரு காரணமும் கிடைத்தது.

மென்பொருளின் பெருமையை என்னவென்று சொல்வது! ஊசல், வில் வைத்த விற்றராசு, சாய்தளம், வில்லை எல்லாம் திரையிலேயே இருந்தன. பெட்டிக்குள் இருந்தவையும் அவையேதான் என்பது தற்செயல். திரையில் குண்டு விழாது, நூல் சிக்காது, விடை பிசகாது. காற்றையும் உராய்வையும் ஒரு பொத்தானில் நிறுத்தி வைக்கலாம். இரண்டும் பாடத்துக்கு இடைஞ்சல் என்று புஸ்பநாதன் முதல் நாளே நிறுத்திவிட்டார். அதன்பிறகு அந்த ஊசல் ஆடியது, ஆடியது, ஆடிக்கொண்டே இருந்தது. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் பெரிய விசிறிகளை ஓட்டும்போது மட்டும் பள்ளிக்கூடத்தில் கரண்ட் போகும். அப்போது ஊசலும் போகும்.

மாணவர் இருபத்தெட்டுப் பேர், மவுஸ் ஒன்று. அதுவும் சரஸ்வதி பூசையன்று சந்தனம் பூசியதில் இடப்பக்கம் போக மறுத்துவிட்ட மவுஸ். பிள்ளைகள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து, கைகட்டி உட்காருவார்கள். "ஊடாடுதல்" பின்வருமாறு நடைபெறும்.

"அமுக்கட்டுமா?" என்பார் புஸ்பநாதன்.

"அமுக்குங்க சேர்!" என்பார்கள் இருபத்தெட்டுப் பேரும்.

அவர் அமுக்குவார். பிழையான இடத்தில் அமுக்கினால், ஒரு பெண்குரல் சிங்களத்தில் கனிவாகச் சொல்லும்: "நெவத உத்ஸாஹ கரன்ன." மறுபடியும் முயன்று பாருங்கள் என்று அர்த்தம். றக்வானைக் கடைகளில் சிங்களத்திலேயே பேரம் பேசும் பிள்ளைகளுக்கு அதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. மைதானத்தில் எவனாவது பந்தைக் கோட்டைவிட்டால், மொத்தக் கூட்டமும் அந்தக் குரலிலேயே அவனுக்கு ஆறுதல் சொல்லும்.

மருதாயியின் மகள் ஜீவராணி ஒருத்திதான் இடைக்கிடை நவீனத்துக்கு இடைஞ்சல் செய்தாள்.

"சேர், நெசமான ஊசல் ஒன்னு கட்டிப் பாக்கலாங்களா?"

"அதுக்கு உபகரணம் இல்லம்மா," என்பார் புஸ்பநாதன், பெட்டிமேல் முழங்கையை ஊன்றியபடி.

2006 நவம்பரில் ஒரு கடிதம் வந்தது. வித்தியாலயத்தில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு ஆரம்பிக்கலாமா என்று பார்க்க, உதவிக் கல்விப் பணிப்பாளர் ஸம்சுதீன் நேரில் வருவார், பௌதிகவியல் வகுப்பொன்றை அவதானிப்பார்.

மறுநாள் காலையிலேயே மருதாயி பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"சேர், அந்த கிளாஸ் இங்கயே வந்தா புள்ள படிக்கட்டும். இரத்தினபுரில தங்க வச்சிப் படிக்க வைக்க நமக்கு வழி இல்லீங்க. வராட்டி தை மாசம் அவ சித்தியோட கொழும்புக்குப் போறா. ஒரு வீட்டுல கொழந்த பாக்குற வேல. பேசியாச்சு."

"கவலயே படாதீங்க. நம்மகிட்ட மென்பொருள் இருக்கு."

"அது யாருங்க?"

"கொம்பியூட்டருக்குள்ள இருக்குறது."

"அந்தச் சிங்களப் பொம்பளயா?" என்று கேட்டாள் மருதாயி. அவள் முகத்தில் நம்பிக்கை பெரிதாகத் தெரியவில்லை.

வித்தியாலயத்து அதிபர் செல்லையா அவசரக் கூட்டம் கூட்டினார். கூட்டம் என்றால் அவரும் புஸ்பநாதனும்.

"சேர், வகுப்பு நடக்கிறப்ப கரண்ட் போனா மானம் போயிருமே?" என்றார் புஸ்பநாதன்.

"தொழிற்சாலை டீமேக்கர்கிட்டப் பேசுங்க. அன்னைக்கு பத்து மணி வரைக்கும் விசிறி ஓட்டக் கூடாது."

"பணிப்பாளர் ஒம்போதுக்கு வர்றாருங்க. பத்து வரைக்கும் தாராளம்."

டீமேக்கர் சம்மதித்தார். "தேயிலைத் தொழில் பௌதிகவியலுக்கு வழிவிட்ட தினம்" என்று புஸ்பநாதன் தன் நாட்குறிப்பில் எழுதினார். என்றாவது ஒருநாள் அது வேறு மொழிகளில் வரும்போது மொழிபெயர்ப்பாளர் தடுமாறக் கூடாது என்று எளிய சொற்களாகவே போட்டார்.

ஸம்சுதீன் குருவிட்டயிலிருந்து வந்தார். மலை ஏறும் வளைவில் பஸ் ஒன்று குறுக்கே நின்றுவிட்டதால், வகுப்பில் அவர் உட்காரும்போது பத்து அடிக்க ஐந்து நிமிடம். அவர் எதிரே திரையில் ஊசல் கம்பீரமாக ஆடியது. புஸ்பநாதன் ஜன்னலோரம் போய் நின்று ஆரம்பித்தார்.

"மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களே, இதோ ஆடும் இந்த ஊசலைப் போலத்தான் மனிதகுலத்தின் அறிவும்..."

மனிதகுலத்தின் அறிவு எங்கே போகிறது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் தொழிற்சாலை விசிறிகள் உறுமின. திரை இருண்டது.

"போனாப் போகுது," என்றார் ஸம்சுதீன். "வகுப்பு ஈக்குதுதானே. நான் கேக்குறேன். புள்ளைகளே, ஆடுற ஊசல் கடைசில ஏன் நிக்குது?"

இருபத்தேழு குரல்கள், பிசிறே இல்லாமல் ஒன்றாக எழுந்தன.

"கரண்ட் போனா நிக்கும் சேர்!"

ஒரு கணம் புஸ்பநாதனுக்குப் பெருமையாகவே இருந்தது. எவ்வளவு ஒற்றுமை! பிறகுதான் காது சுட்டது.

ஸம்சுதீன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதை யாரு படிச்சுத் தந்த?"

பிள்ளைகள் எல்லாரும் கொம்பியூட்டரைக் கைகாட்டினார்கள். புஸ்பநாதன் பக்கம் ஒரு விரல்கூடத் திரும்பவில்லை. காப்பாற்றப்பட்டோமா, கணக்கிலேயே எடுக்கப்படவில்லையா என்று அவருக்கு விளங்கவில்லை.

ஜீவராணி எழுந்தாள்.

"இல்லீங்க சேர். காத்து தடுக்குதுங்க. கொழுந்து நிறுக்கிற எடத்துல சாக்க கொக்கியில மாட்டுனா கொஞ்ச நேரம் ஆடிட்டுத்தான் நிக்கும். அங்க கரண்டே கெடையாதுங்களே."

"செஞ்சு காட்ட ஏலுமா மகள்?"

"உபகரணம் இல்லீங்க. சேர் சொல்லியிருக்காரு."

ஸம்சுதீன் கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். "பெட்டி ஒண்டு, முத்திரையோட. பத்து வருசமா எழுதி ஈக்குது. எங்க அது?"

"இருக்குங்க சேர்," என்றார் செல்லையா. "பத்திரமா இருக்குங்க. கொம்பியூட்டருக்குக் கீழ."

"தொறங்க."

"மேல கொம்பியூட்டர் இருக்குங்களே."

"அப்ப எறக்குங்க."

சாமி சிலையை இறக்குவதுபோல நான்கு பேர் சேர்ந்து இறக்கினார்கள். சாவியைத் தேட வேண்டியிருக்கவில்லை. அது புஸ்பநாதனின் சாவிக்கொத்தில், அவருடைய அறைச் சாவிக்குப் பக்கத்திலேயே தொங்கியது. ஜீவராணி சாவியைப் பார்த்தாள். பிறகு, அவர் இரண்டரை வருடமாக முழங்கை ஊன்றிய இடத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை எந்த நாவலிலும் அவர் வாசித்ததில்லை.

பத்து வருட முத்திரை உடைந்தது. பெட்டிக்குள் எல்லாம் இருந்தன. விற்றராசு, வில்லைகள், நூல் உருண்டை, பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய பித்தளைக் குண்டுகள். எல்லாம் புத்தம்புதியவை.

புஸ்பநாதன் ஒரு குண்டை எடுத்தார். அது இவ்வளவு பாரமாக இருக்கும் என்று மென்பொருள் சொன்னதில்லை. நூலை எடுத்தார். எங்கே அமுக்குவது என்று விரல்கள் தேடின. ஒருவழியாக முடிச்சுப் போட்டுத் தூக்கினார். குண்டு விழுந்து உருண்டு ஸம்சுதீனின் காலிலிருந்த சப்பாத்தில் முட்டியது. எடுத்து வந்து மீண்டும் கட்டினார். மீண்டும் விழுந்தது.

அப்போது ஜீவராணி, அதே கனிவோடு, அதே குரலில் சொன்னாள்:

"நெவத உத்ஸாஹ கரன்ன, சேர்."

ஓட்டுக் கூரை அதிர வகுப்பு சிரித்தது. ஸம்சுதீன் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். மறுபடியும் முயல்வதென்றால் முதலில் ஒரு தடவையாவது முயன்றிருக்க வேண்டுமே என்ற எண்ணம் புஸ்பநாதனுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே அதை ஒதுக்கிவிட்டார்.

ஜீவராணி நூலை வாங்கி, கொழுந்துச் சாக்கின் வாயைக் கட்டும் முடிச்சைப் போட்டு, ஜன்னல் கம்பியில் குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினாள். அது ஆடியது. பிறகு கொஞ்சமாக ஆடியது. பிறகு ஆடுகிறதா இல்லையா என்று தெரியாதபடி ஆடியது. இருபத்தேழு பேரும் இடத்தைவிட்டு எழுந்து, கழுத்தை நீட்டி, ஓர் ஊசல் நிற்பதை வாழ்க்கையில் முதன்முதலாகப் பார்த்தார்கள். நின்றதும் கைதட்டினார்கள்.

தை பிறந்தது. ஜீவராணியின் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. கொழும்பிலிருந்து சித்தியும் வந்துவிட்டாள். அந்த வாரத் திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் செல்லையா கடிதத்தை உரக்க வாசித்தார். மருதாயி பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே கூடையோடு நின்றாள்.

"உயர்தர விஞ்ஞானப் பிரிவை ஆரம்பிக்க அனுமதி வழங்கப்படுகிறது."

கைதட்டல். மருதாயி கூடையை இறக்கி வைத்தாள். புஸ்பநாதன் தூரத்து மலையில் இறங்கிய மூடுபனியைப் பார்த்தபடி, இந்தக் காட்சி தன் வாழ்க்கைக் கதையின் கடைசி அத்தியாயத்துக்குப் பொருந்துமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

"மாணவர்: உண்டு."

கைதட்டல்.

"உபகரணங்கள்: உண்டு."

கைதட்டல்.

"பௌதிகவியல் ஆசிரியர்: தேவை."

இந்த வரிக்குப் புஸ்பநாதன் ஒருவர் மட்டுமே கைதட்டினார், மிகப் பலமாக. தட்டி முடித்த பிறகுதான், அப்படி ஒருவர் இங்கே ஏற்கனவே இருப்பதாகத் தான் நினைத்துக்கொண்டிருந்தது அவருடைய ஞாபகத்துக்கு வந்தது.