ஒட்டகம் நின்றால் படகு நிற்கும்

பிரேக் இல்லாத ஒரு வாகனத்தை வடிவமைத்து, அதில் பெற்ற தகப்பனையே ஏற்றி அனுப்பியவள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் அப்பா சொல்லிவிடுவார். அவர் சொல்லும்போது படகின் வேகம் கூடிக்கொண்டே போகும்.

எங்கள் ஊர் பெரம்பலூர் பக்கம். ஏரி ஒன்று உண்டு, அதில் கிரிக்கெட் ஆடுவார்கள். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் போனவர்கள் இரண்டு வகை: ஓட்டுப் போடப் போனவர்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போனவர்கள். உட்கார்ந்து படிக்கப் போன முதல் ஆள் நான்தான். படித்ததும் சாதாரணப் படிப்பில்லை, கப்பல் கட்டும் பொறியியல். (கவுன்சலிங்கில் என் முறை வந்தபோது அதுதான் மிச்சம் இருந்தது என்பது வேறு விஷயம்.) பட்டம் வாங்கியபோது நான் கடலை இரண்டு முறைதான் பார்த்திருந்தேன். ஆனாலும் அம்மா தெருவெல்லாம் "எம்பொண்ணு கப்பல் கட்டுது" என்று சொல்லி வைத்திருந்தாள்.

அஜ்மானில் ஃபைபர் படகு செய்யும் ஒரு ஒர்க் ஷாப்பில் டிசைனராக வேலை கிடைத்தது. ஆறு மாதம் சோதனைக் காலம். அதற்குள் ஒரு படகையாவது ஒழுங்காகச் செய்து காட்டினால் உறுதிக் கடிதம், இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட்.

அந்தக் கடிதம் எனக்காக மட்டும் இல்லை. அப்பா அப்போது இருபது வருஷமாக ஷார்ஜாவில் கம்பி கட்டும் வேலையில் இருந்தார், தொழிலாளர் கேம்ப் வாசம். ஒவ்வொரு கான்ட்ராக்ட் முடியும்போதும் "இதோட போதும்" என்பார், அடுத்ததில் கையெழுத்துப் போடுவார். நான் வந்து இறங்கிய அன்று ஏர்போர்ட்டிலேயே பேசி முடித்தோம். எனக்கு வேலை உறுதியானால் அவர் ஊருக்குப் போய்விட வேண்டும்.

"பாப்பா, உனக்குக் கடுதாசி வந்த மறுமாசம் நான் விசா கேன்சல். எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் சொல்லு" என்றார். கையெழுத்து கேம்ப்பில் கற்றுக்கொண்டது. அதை எங்கே போடுவது என்று யாராவது விரல் வைத்துக் காட்ட வேண்டும்.

ஐந்தாவது மாதம் அந்த ஆர்டர் வந்தது. தைத் என்ற ஊருக்குப் போகிற வழியில் பெரிய பண்ணை. அதன் முதலாளியை எல்லோரும் அர்பாப் என்றுதான் கூப்பிடுவார்கள். பண்ணைக்குள் ஓர் ஏரி வெட்டி, நடுவில் தீவு வைத்து, தீவில் விருந்தினர்களுக்குக் கூடாரம் போட்டிருந்தார். ஏரியில் இன்ஜின் ஓடினால் பறவைகள் போய்விடும் என்று டீசல் படகு வேண்டாம் என்றுவிட்டார். எங்கோ ஒரு பழைய படம் பார்த்திருக்கிறார். குதிரைகள் மேல்தளத்தில் நடக்க, சக்கரம் சுற்றி, ஆட்களை அக்கரை சேர்க்கும் படகு. "குதிரை எதற்கு? என்னிடம் ஒட்டகம் இருக்கிறதே" என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

ஒர்க் ஷாப்பில் யாரும் இதைத் தொடவில்லை. நான் கை தூக்கினேன். (அந்த வயதில் என் கை எல்லாவற்றுக்கும் தூக்கும்.)

வடிவமைப்பைச் சொல்கிறேன், இன்றும் எனக்கு அதில் பெருமைதான். தட்டையான அகலமான படகு. மேல்தளத்தின் நடுவில் பதினாறு அடி மரவட்டம், தளத்தோடு சமமாக. வட்டத்தின் ஓரத்தில் ஒட்டகத்தை முன்பக்கம் பார்த்து நிறுத்தி, நகராத ஒரு கம்பத்தில் கட்ட வேண்டும். அது நடந்தால் காலடியில் இருக்கும் வட்டம் பின்னால் நழுவிச் சுற்றும். வட்டத்துக்கு அடியில் பல்சக்கரம், அதிலிருந்து இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம். ஒட்டகம் நடக்கும், ஆனால் இருக்கிற இடத்தைவிட்டு அசையாது. படகு போகும்.

இதை அப்பாவுக்குப் போனில் விளக்கினேன். "நாளெல்லாம் நடக்கும், நின்ன எடத்துலயே நிக்கும். இருவது வருசமா நான் இங்க அதத்தாம்மா பண்ணிக்கிட்டு இருக்கேன்" என்றார்.

எங்கள் மேலாளர் சிவநேசன் சார் யாழ்ப்பாணத்துக்காரர். வரைபடத்தை விரித்து வைத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"வடிவாத்தான் கீறியிருக்கிறீர் பிள்ளை. இதை நிப்பாட்டுறது எப்பிடி?"

நான் சிரித்தேன். சிரித்தது நன்றாக நினைவிருக்கிறது. ஒன்றும் தெரியாதவரைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு.

"ஒட்டகம் நின்னா படகு நிக்கும் சார்."

"ஓ" என்றார். அவ்வளவுதான். அந்த "ஓ"வைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒட்டகத்தின் பெயர் ஷாஹீனா. அதைப் பற்றி நான் சேகரிக்காத தகவல் இல்லை. எடை, உயரம், காலடி அகலம், ஓர் எட்டுக்கு எத்தனை அடி, மூத்திரம் எந்தப் பக்கம் வடிய வேண்டும், எல்லாம் ஒரு நோட்டு முழுக்க. கேட்காமல் விட்டது ஒன்றுதான். நம்மை வேலைக்கு எடுக்கும்போது முதல் கேள்வியாக முன் அனுபவம் என்ன என்று கேட்கிறார்கள் இல்லையா? அதை நான் ஒட்டகத்திடம் கேட்கவில்லை.

சோதனை ஓட்டங்கள் அருமையாகப் போயின. ஒட்டகத்தைப் பார்த்துக்கொள்பவர் கரீம் பாய், பாகிஸ்தான்காரர். அவர் நாக்கைத் தட்டி ஒரு சத்தம் கொடுத்தால் ஷாஹீனா நடக்கும், கயிற்றை லேசாக இழுத்தால் நிற்கும். பத்து நாளும் என் வாக்கியம் பலித்தது. ஒட்டகம் நின்றது, படகு நின்றது.

வெள்ளிக்கிழமை சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு வெள்ளோட்டம். அப்பா கேம்ப்பில் பக்கத்துக் கட்டில்காரர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தீபாவளிக்கு மட்டும் போடும் சந்தன நிறச் சட்டை. கரையோரமாக நின்று பார்க்கிறேன் என்றவரை அர்பாப் கவனித்துவிட்டார். "இன்ஜினியரின் வாப்பாவா? யல்லா, யல்லா" என்று கையைப் பிடித்துப் படகில் ஏற்றினார். அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தன் மகள் செய்ததை மிதிக்க அவருக்கு மனம் வரவில்லை.

படகில் அர்பாப், அவருடைய வயதான மாமா, சிவநேசன் சார், கரீம் பாய், அப்பா, சுக்கான் பிடித்தபடி நான். தீவில் கம்பளம் விரித்து, கஹ்வா என்ற அரபுக் காப்பிக் குவளையோடு ஒருவர் காத்திருந்தார். கரீம் பாய் நாக்கைத் தட்டினார். படகு நழுவிப் போனது. இன்ஜின் சத்தம் இல்லை, புகை இல்லை, சக்கரம் தண்ணீரை அள்ளும் சத்தம் மட்டும். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பட்டங்களில் அந்தப் பார்வைதான் பெரிது. அது ஒரு நிமிஷம் நீடித்தது.

அர்பாபின் தம்பிகளும் நண்பர்களும் கரையில் மூன்று லேண்ட் க்ரூசர்களில் இருந்தார்கள். ஏரியைச் சுற்றி மண்பாதை உண்டு. படகு நகர்வதைப் பார்த்த உற்சாகத்தில் அவர்களும் வண்டிகளை எடுத்து, எங்களுக்கு இணையாக ஓட்டிக்கொண்டே ஹாரன் அடித்தார்கள், ஜன்னல் வழியாகக் கத்தினார்கள்.

ஷாஹீனாவின் காதுகள் நிமிர்ந்தன.

இங்கே ஒட்டகப் பந்தயத்தில் சவாரிக்கு ஆள் கிடையாது. முதுகில் சின்ன இயந்திரம் ஒன்றைக் கட்டிவிடுவார்கள். முதலாளிகள் பாதையோரமாகக் காரில் கூடவே வந்து ஹாரன் அடித்து, வாக்கி டாக்கியில் கத்தி, ஒட்டகத்தை விரட்டுவார்கள். ஷாஹீனா எட்டு வருஷம் பார்த்த உத்தியோகம் அது. ரிட்டயர் ஆனபின் பழைய ஆபீஸிலிருந்து கூப்பிட்டது போல அதற்கு இருந்திருக்க வேண்டும்.

ஓடியது. ஓட்டம் என்றால் கழுத்தை நீட்டி, உதடு காற்றில் அடிக்க ஓடும் ஓட்டம். மரவட்டம் கிரைண்டர் போலச் சுற்றியது. துடுப்புச் சக்கரங்கள் ஏரியை அள்ளி எங்கள் மேல் கொட்டின. அர்பாபின் வெள்ளைக் கந்தூரா அங்கி உடம்போடு ஒட்டியது. மாமா கண்ணை மூடிக்கொண்டு ஓத ஆரம்பித்தார். கரீம் பாய் கயிற்றில் தொங்கினார். ஷாஹீனாவுக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

தீவின் படகுத்துறை எங்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. சுக்கானை முழுக்கத் திருப்பினேன். தீவைத் தொடாமல் பக்கவாட்டில் விலகி, அதைச் சுற்ற ஆரம்பித்தோம். கரையில் கார்களும் ஏரியைச் சுற்ற ஆரம்பித்தன. இதெல்லாம் நிகழ்ச்சியில் உள்ளதுதான் என்று நினைத்து இன்னும் பலமாக ஹாரன் அடித்தார்கள்.

"பிள்ளை, நிப்பாட்டும்" என்றார் சிவநேசன் சார், கம்பியைக் கட்டிப்பிடித்தபடி.

"ஒட்டகத்தை நிறுத்தணும் சார்."

"அது எனக்கும் தெரியுது. படகை எப்பிடி நிப்பாட்டுறது?"

படித்தவள் என்ற முறையில் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது.

"ஒட்டகம் நின்னா படகு நிக்கும் சார்."

இரண்டு கையிலும் செருப்பைப் பிடித்தபடி அப்பா நிதானமாகச் சொன்னார்: "அது நிக்கலியேம்மா."

மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் கஹ்வாக்காரரைக் கடந்தோம். முதல் சுற்றில் அவர் குவளையை நீட்டினார். இரண்டாவதில் கையை இறக்கினார். மூன்றாவதில் உட்கார்ந்துவிட்டார்.

கார்களை நிறுத்தச் சொல்ல அர்பாப் போனை எடுத்தார். அதிலிருந்து தண்ணீர் வடிந்தது. அப்போதுதான் தீவின் வடக்குப் பக்கம் ஆழமில்லாத மணல் சரிவு என்பது நினைவுக்கு வந்தது. அளந்தவள் நான்தான். "கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்று தெரிந்த மொழியிலெல்லாம் சொல்லிவிட்டுச் சுக்கானைத் திருப்பினேன். படகு மணலில் ஏறி, சறுக்கி, கம்பளத்துக்கு இரண்டு முழம் முன்னால் போய் நின்றது. சக்கரங்கள் மணலில் புதைந்ததும் மரவட்டம் இறுகியது. ஷாஹீனா நாலு புறமும் பார்த்தது. தான்தான் முதலில் வந்திருக்கிறோம் என்று உறுதி செய்துகொண்டு, மடிந்து உட்கார்ந்து அசைபோடத் தொடங்கியது. கஹ்வாக்காரர் எழுந்து வந்து அர்பாபுக்கு முதல் குவளையை ஊற்றினார்.

(அடிப்பாகத்தில் ஒரு விரிசல் கிடையாது. இதை நான் எல்லா இடத்திலும் சொல்லி வருகிறேன்.)

கரீம் பாய் தலைப்பாகையைப் பிழிந்தபடி என்னிடம் வந்தார். "பேட்டி, யே தோ ரேஸ் வாலி ஹை" என்றார். ரேஸ் ஒட்டகம் அம்மா இது. இதைச் சொல்ல அவருக்குப் பத்து நாள் இருந்தது. எனக்கும் கேட்கப் பத்து நாள் இருந்தது.

அர்பாப் கஹ்வாவைக் குடித்துக்கொண்டிருந்தார். உறுதிக் கடிதம் கலாஸ், கதை முடிந்தது, அப்பாவுக்கு இன்னொரு கான்ட்ராக்ட் என்று மனசுக்குள் எழுதி முடித்துவிட்டேன். பிறகு அவர் அரபியில் ஏதோ கேட்டார். கரீம் பாய் அதை ஹிந்தியில் சிவநேசன் சாரிடம் சொன்னார். சார் என் பக்கம் திரும்பினார்.

"மூண்டு சுத்துக்கும் எத்தினை நிமிசம் எண்டு கேக்கிறார்."

யாரும் நேரம் பார்த்திருக்கவில்லை. அர்பாபுக்கு அதில்தான் உண்மையான வருத்தம். மாமா மட்டும் அந்தப் படகில் திரும்ப மறுத்துவிட்டார். அவருக்குத் துடுப்புப் படகு ஒன்றைக் கொண்டுவர வேண்டியிருந்தது.

மறுநாள் சிவநேசன் சார் கூப்பிட்டார். "உம்மட கடிதம் என்ட மேசையில கிடக்கு. பிரேக்கைக் கீறிக்கொண்டு வாரும், கையெழுத்து வைக்கிறன்."

கீறிக்கொண்டு போனேன். வட்டத்தையும் சக்கரங்களையும் பிரித்துவிட ஒரு நெம்புகோல், வட்டத்தின் விளிம்பை அழுத்திப் பிடிக்கும் மரக்கட்டை, இரண்டுக்கும் சிவப்புப் பெயிண்ட். அவர் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்திட்டார். படகு இன்றும் ஓடுகிறது. கரையில் ஹாரன் அடிக்கக் கூடாது என்று மூன்று மொழியில் பலகை இருக்கிறது.

அப்பாவின் கேம்ப்பில் கதை வேறு மாதிரி. அதில் படகு மூன்று கார்களையும் ஜெயித்துவிட்டது. ஊரில் அம்மா இதைப் புழக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். யார் எதைத் தொடங்கிவிட்டு முடிக்கத் தெரியாமல் முழித்தாலும், "ஒட்டகம் நின்னா படகு நிக்கும்ங்கிற கதைதான்" என்பாள். போன வாரம் மாவு மெஷின் நிற்காமல் ஓடியதற்குக்கூட என் பெயர் அடிபட்டதாம்.

ஆனால் அப்பா கடைசி நேரத்தில் நழுவப் பார்த்தார். "இன்னும் ஒரே ஒரு கான்ட்ராக்ட் பாப்பா. அப்பறம் தன்னால நின்னுருவேன்" என்றார்.

"தானா எதுவும் நிக்காதுப்பா. அதை நான் மூணு சுத்து சுத்திப் படிச்சிட்டேன்" என்றேன். விசா கேன்சல் பேப்பரை விரித்து, கையெழுத்துப் போடும் இடத்தில் விரலை வைத்தேன். விரலைப் பார்த்தார். போட்டார்.

ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தபோது ஏர்போர்ட்டுக்குள் இருந்து அப்பாவின் போன் வந்தது.

"பாப்பா, இங்க தரை தானா நகருதும்மா. நான் சும்மாதான் நிக்கிறேன், போய்க்கிட்டே இருக்கேன்."

"பயப்படாதீங்கப்பா. அது அப்படித்தான்."

"பயமெல்லாம் இல்ல" என்றார் அப்பா. "இதுக்குப் பிரேக் எங்கருக்குன்னு கேக்கலாம்னு போட்டேன்."