லிப்பிஸுக்குப் போகாமலே போய் வந்த கதை

பார்த்த ஊரைப் பற்றிப் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு தடுமாறும். பார்க்காத ஊர் என்றால் தடையே கிடையாது, வெள்ளமாக வரும். இந்தத் திறமைதான் எனக்கு மனைவியைத் தேடிக் கொடுத்தது என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மையில், தானாகக் கிடைக்க இருந்தவளை அது கெடுக்கப் பார்த்தது.

சிலாங்கூரில் மோட்டார் கார் அதிசயமாக இருந்தது போய் இடைஞ்சலாகத் தொடங்கியிருந்த காலம். எனக்கு இருபத்து மூன்று வயது. கோலாலம்பூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் இளைய கிராணி. (கிராணி என்றால் எழுத்தர்தான். ஆனால் கிராணி என்று சொல்லும்போது முதுகு இரண்டு அங்குலம் நிமிரும்.) உடன் வேலை பார்த்த சிங்காரத்தோடு பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறையில் குடியிருந்தேன்.

ஒரு புதன்கிழமை எனக்கு மாற்றல் கடிதம் வந்தது. அடுத்த மாதம், அந்நாளில் பகாங் மாநிலத்தின் தலைநகரான கோலா லிப்பிஸில் போய்ச் சேர வேண்டும்.

தலைநகர் என்ற சொல்லைக் கேட்டு எங்கள் அலுவலகத்தில் யாரும் ஏமாறுவதில்லை. பெரிய கிராணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுக்கு ஒரு கடுதாசி போட்டுட்டுப் போப்பா" என்றார். சாயங்காலம் காப்பிக் கடையில் ஆளாளுக்குத் தகவல் கொடுத்தார்கள். ரயில் பாதிக் காட்டில் நின்றுவிடும், அப்புறம் ஐந்து நாள் மூங்கில் தெப்பம்தான். அரிசி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும். காய்ச்சல் வராதவனை அந்த ஊரில் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். புலி கூரை மேல் படுத்திருக்கும். சுல்தான் ஆற்றங்கரையில் யானை மேல் உட்கார்ந்து வழக்கு விசாரிப்பார். இதைச் சொன்னவர்களில் ஒருவர்கூட லிப்பிஸைப் பார்த்ததில்லை. போனவர்கள் திரும்பி வந்தால்தானே பார்த்தவர்கள் இருப்பார்கள் என்று நானே அதற்கு ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன்.

அதே வாரம்தான் பெண் பார்க்கும் ஏற்பாடு. கிள்ளான் ஆஸ்பத்திரியில் டிரஸராக, அதாவது காயத்துக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுப்பவராக, இருந்த கோவிந்தசாமியின் மகள் செண்பகம். ஒரு வருஷத்துக்கு முன் கோயில் திருவிழாவில் அவளைப் பார்த்திருக்கிறேன். மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் ஐந்து குவளை குடித்தேன். (ஆறாவது முறை போனபோது, "வயித்துக்கு ஆகாது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.) அன்றிலிருந்து வேறு பெண் மனதில் ஏறவில்லை.

சிங்காரத்துக்கு அந்தக் குடும்பம் பழக்கம். அவன்தான் பேசி முடித்தான். ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளான் ரயிலில் உட்கார்ந்த பிறகு மெதுவாக ஆரம்பித்தான்.

"ராமு, ஒரு சின்ன விஷயம். டிரஸருக்குக் கோழைப் பசங்களைப் பிடிக்காது. முன்னாடி வந்த மாப்பிள்ளை, வயசு முப்பதுன்னு சொல்லிட்டு வந்தவன், நிஜத்துல நாப்பத்தொண்ணு. பகாங்ல இருக்கிற பெந்தோங்குக்கு மாத்துனாங்கன்னு அழுதானாம். வேணாம்னுட்டாரு."

"அதுக்கு?"

"நீ ஏற்கெனவே லிப்பிஸ்ல மூணு மாசம் இருந்துட்டு வந்தவன், அதனாலதான் நம்ம வெள்ளைக்காரத் துவான் உன்னையே மறுபடி அனுப்புறாருன்னு சொல்லி வச்சிருக்கேன். நீ சும்மா தலையாட்டு, போதும்லா."

சும்மா தலையாட்ட எனக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே இடமில்லை.

ஆஸ்பத்திரிக் குடியிருப்பில் டிரஸர் வீடு. மனிதர் ஒல்லி, உயரம். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் கம்பியைப் பார்ப்பது போலத்தான் எல்லாவற்றையும் பார்ப்பார், என்னையும் அப்படியே பார்த்தார். அவர் மனைவி கேசரித் தட்டை என் கையில் கொடுத்தார். செண்பகம் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நிற்பது வளையல் ஓசையில் தெரிந்தது.

"தம்பி லிப்பிஸ்ல இருந்திருக்கீங்களாமே. ஊரு எப்படி?" என்றார் டிரஸர்.

தலையாட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மறுபடியும் வளையல் ஓசை கேட்டது.

"ஊருன்னு சொல்ல முடியாதுங்க ஐயா. காடு. ஆனா நமக்குப் பழகிடுச்சு. முதல் நாளே ஆபீஸ் கூரை மேல புலி. துவான் மேசைக்குக் கீழே போயிட்டாரு. நான்தான் குடையை விரிச்சுக் காட்டி விரட்டினேன்."

"குடையைக் காட்டினா புலி போயிடுமா?"

"கறுப்புக் குடைக்குப் பயப்படும்ங்க." (எங்கிருந்து வந்தது இது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

டிரஸர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அது வியப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். அரிசிப் பஞ்சத்தைச் சொன்னேன். சுல்தான் யானை மேலிருந்து என்னைப் பெயர் சொல்லி அழைத்ததைச் சொன்னேன். சிங்காரம் என் காலை மிதித்தான். நான் காலை நகர்த்தி வைத்துக்கொண்டு தொடர்ந்தேன்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அம்மா, அந்த ஆபீஸ் ஸ்டேஷன் பக்கமா, ஆஸ்பத்திரி மேட்டுப் பக்கமான்னு கேளுங்க."

பெண்ணே பேசுகிறாள். என் தலை கிறுகிறுத்தது. "லிப்பிஸ்ல ஸ்டேஷன் ஏதுங்க" என்றேன் பெருந்தன்மையோடு. "ரயில் பாதிக் காட்டுல நின்னுடும். அப்புறம் அஞ்சு நாள் தெப்பம். நானே துடுப்புப் போட்டுட்டுத்தான் போனேன்."

டிரஸர் எழுந்து உள்ளே போனார். சிங்காரம் சுவரில் இருந்த காலண்டரை, வாழ்க்கையிலேயே முதன்முறையாகக் காலண்டர் பார்ப்பவன் போல, ஆராய ஆரம்பித்தான்.

டிரஸர் சட்டம் போட்ட ஒரு படத்தைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தார். ரயில் மேடை. சீருடையில் டிரஸர், பக்கத்தில் மனைவி, நடுவில் ரிப்பன் கட்டிய பத்து வயதுப் பெண். அவர்கள் தலைக்கு மேல் ஓர் ஊர்ப் பலகை. கோலா லிப்பிஸ் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நான் மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அப்படியேதான் இருந்தது.

"ஏழு வருஷம் அங்க வேலை பார்த்தேன் தம்பி" என்றார். "அங்கிருந்து கிள்ளானுக்கு மாறி வந்த அன்னிக்கு எடுத்தது."

சிங்காரத்துக்கு அவர்களைக் கிள்ளானுக்கு வந்த பிறகுதான் தெரியும். அதற்கு முன்னால் எங்கிருந்தார்கள் என்று அந்த மகாபுத்திசாலி கேட்டதே இல்லை.

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். வாசலை மறித்துக்கொண்டு டிரஸரின் மனைவி நின்றிருந்தார். வேறு வழியில்லாமல் சட்டைப் பையிலிருந்து மாற்றல் கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

"நான் லிப்பிஸுக்குப் போனதே இல்லைங்க ஐயா. இனிமேதான் போகணும். எல்லாரும் சொல்றதைக் கேட்டு நாலு நாளா தூக்கம் இல்லை. நானும் அழுதேன். ராத்திரி, போர்வைக்குள்ள. சிங்காரத்துக்கே தெரியாது."

"தெரியும்" என்றான் சிங்காரம் காலண்டரைப் பார்த்தபடியே.

டிரஸர் கடிதத்தை நிதானமாகப் படித்து மடித்தார்.

"ரயில் ஊருக்குள்ளயே போகுது. ஸ்டேஷன்ல இறங்கினா எதிர்லயே கடைத் தெரு. ரெண்டு ஆறு சேர்ற இடம், காலையில பனி அழகா இருக்கும். அரிசி எல்லாக் கடையிலயும் கிடைக்கும். சுல்தான் அங்க இல்லை, ரொம்பத் தூரத்துல பெக்கான்ல இருக்காரு. கொசு உண்டு, காய்ச்சல் வராம இருக்கக் கொய்னா மாத்திரை சாப்பிடணும். புலியை ஏழு வருஷத்துல ஒரே தடவை பார்த்தேன். செத்துப்போய் மாட்டு வண்டியில வந்துச்சு."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. பெண் போனாலும் உயிர் தப்பியது என்ற நிம்மதியில் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த டிரஸரின் மனைவி, "இந்தப் பொய்யனுக்கா பொண்ணைக் கொடுக்கப் போறீங்க?" என்று கணவரைக் கேட்டார்.

"முன்னாடி வந்தவன் வயசுல பொய் சொன்னான். அதை நம்மால திருத்த முடியாது" என்றார் அவர். "இவரு ஊருலதான் பொய் சொன்னாரு. போய்ப் பார்த்தா சரியாயிடும். ஆனா முடிவு நான் சொல்ல மாட்டேன். அவ சொல்லட்டும்."

செண்பகம் வெளியே வந்தாள். வந்த சிரிப்பை அடக்கியதில் முகம் சிவந்திருந்தது.

"எனக்கு லிப்பிஸ்ல கூடப் படிச்சவங்க இருக்காங்க. மறுபடி போக ஆசைதான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா அங்க போய் இறங்கினதும் நீங்க வாயைத் திறக்கக்கூடாது. நான் பேசிக்கிறேன்" என்றாள்.

ஒப்புக்கொண்டேன். அன்று உலகத்தில் எதையும் ஒப்புக்கொண்டிருப்பேன். திரும்பும் ரயிலில் சிங்காரத்தை அடிக்க வேண்டும் என்று நினைத்து ஏறியவன், பத்து நிமிஷத்தில் அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போனேன். நாலு நாள் தூக்கம்.

லிப்பிஸில் நான்கு வருஷம் நன்றாகவே இருந்தோம். மூத்த மகள் மீனா அங்கேதான் பிறந்தாள். அவளுக்கு நினைவு தெரியும் முன்பே பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பிவிட்டோம். அதற்குள் எங்கள் வீட்டில் பொய் என்ற சொல்லே வழக்கொழிந்து போயிருந்தது. நான் கொஞ்சம் கூட்டிச் சொன்னால் செண்பகம், "லிப்பிஸ் விடாதீங்க" என்பாள். பிள்ளைகள் கைகழுவாமல் கழுவினேன் என்றால், "லிப்பிஸ் சொன்னா அடி விழும்" என்பாள்.

மீனா பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு ஒரு நாள் அவளுடைய வாத்தியார் என்னைத் தெருவில் நிறுத்தினார். கெட்டிக்காரப் பெண், ஆனால் பூகோளத்தில் ஒரு கேள்விக்கு மட்டும் வாயே திறக்க மறுக்கிறாள் என்றார். பகாங்கின் தலைநகர் எது என்று கேட்டாராம். தெரியும் என்றாளாம். அப்படியானால் சொல் என்றதற்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாளாம்.

"அது கெட்ட வார்த்தை சார். சொன்னா அம்மா அடிப்பாங்க."