மாமனார் வீட்டு வண்டி

ஆக்சிலேட்டரை விட்ட மறுநொடி பைக் இன்ஜின் அணைந்தது. நல்லகாமன் மூன்றாவது முறையும் உதைத்துக் கிளப்பினார். மூன்றாவது முறையும் அது இருமிவிட்டு நின்றது.

"கைய எடுத்தா ஆஃப் ஆயிருது" என்றார். பக்கத்தில் நின்ற மருமகன் பாலமுரளியிடம் அவர் இதைச் சொல்லவில்லை. வாசலில் கட்டியிருந்த கன்றுக்குட்டியிடம் சொன்னார்.

நல்லகாமனின் மகள் சத்யப்ரியாவுக்கும் பாலமுரளிக்கும் பதிவு அலுவலகத்தில் கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகிறது. வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் மதுரைப் பையனைப் பெண் தானாகவே பார்த்துக்கொண்டாள் என்பதில், கொட்டாம்பட்டிப் பக்கம் விவசாயம் செய்யும் நல்லகாமனுக்கு மனசு ஆறவில்லை. மருமகனோடு அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது பெண்ணுக்கு ஐந்தாம் மாதம். மாமியார் பாண்டிமீனா போனில் அழுது கூப்பிட்டதால் இருவரும் முதன்முறையாக ஊருக்கு வந்திருந்தார்கள். சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸுக்குத் திரும்புவதாக ஏற்பாடு.

வரும் வழியிலேயே சத்யா சொல்லிவிட்டாள். "எங்கப்பா ஒரு தடவ உங்கள மாப்ளன்னு கூப்பிட்டாப் போதும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

வந்ததிலிருந்து அது நடக்கவில்லை. 'அவருக்குத் தண்ணி குடு', 'அவர உக்காரச் சொல்லு' என்று எல்லாம் மகள் வழியாகவோ மனைவி வழியாகவோதான் வந்து சேர்ந்தன. இரண்டு பேருமே அடுப்படிக்குப் போய்விட்டால் கன்றுக்குட்டி.

"இவரு பாத்துருவாருப்பா. எங்க வண்டிக்கு இவருதான் மெக்கானிக்" என்றாள் சத்யா. அம்மாவிடமும் ஒன்றரை வருஷமாகப் போனில் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உண்மையில் பாலமுரளிக்கு ஜவுளிக்கடையில் கம்ப்யூட்டர் பில் போடும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை நன்றாகத் துடைப்பான். ஒருமுறை நண்பன் பிளக் மாற்றியபோது டார்ச் பிடித்தான். அன்று கையில் ஒட்டிய கிரீஸைப் பார்த்துச் சத்யா தானாக ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். புது மனைவியின் கண்ணில் தெரியும் மரியாதையை எந்தப் புருஷன் திருத்துவான்? அவனும் திருத்தவில்லை.

இப்போது மாமனார் சாக்கை விரித்தார். திருப்புளி, ஸ்பேனர், துடைக்கத் துணி எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தார். சின்னத் திருப்புளியைக் கொஞ்சம் தனியாக, அவன் கைக்கு எட்டுகிற மாதிரி வைத்துவிட்டு எதிரே குந்தினார். பரீட்சைக்கு வந்த மேற்பார்வையாளர் என்று நினைத்துக்கொண்டான் பாலமுரளி.

ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் அணையாமல் இருக்க, கார்புரேட்டரில் ஐடிலிங் ஸ்குரூ என்று ஒன்று உண்டு என்பது மட்டும் நினைவிருந்தது. கண்டுபிடித்துத் திருகினான். வண்டி முன்னைவிட வேகமாக அணைந்தது. ஆகவே கோளாறு இங்கே இல்லை என்று முடிவுகட்டித் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டான்.

நல்லகாமன் தொண்டையைக் கனைத்தார். "எதையும் ரெண்டு பக்கமும் திருகிப் பாக்கணும்ல" என்றார் கன்றுக்குட்டியிடம்.

குத்திக் காட்டுகிறார் என்று பட்டது பாலமுரளிக்கு. ரோஷம் வந்துவிட்டது. ஸ்குரூவை விட்டுவிட்டுப் பிளக்கைக் கழற்றினான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டினான். இப்போது வண்டி கிளம்பவே இல்லை.

ரகசியமாக போனில் ஒரு வீடியோ பார்த்தான். எலக்ட்ரிக்கல் இணைப்புகளைச் சோதிக்கவும் என்றது வீடியோ. ஹெட்லைட்டைக் கழற்றினான். உள்ளே இருந்து ஒயர்கள் இடியாப்பமாக வெளியே சரிந்தன. எது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்குள் நாலைந்து உருவிக்கொண்டுவிட்டன. குத்துமதிப்பாகச் சொருகினான். அதன்பிறகு இடப்பக்க இண்டிகேட்டர் போட்டால் ஹாரன் அடித்தது. ஹாரனை அமுக்கினால் வலப்பக்க இண்டிகேட்டர் எரிந்தது. கன்றுக்குட்டி கயிறு நீளத்துக்குத் தள்ளிப் போய் நின்றுகொண்டது.

பாண்டிமீனா வெளியே வந்து பார்த்துவிட்டு, முக்கு ரோட்டுக் கடையிலிருந்து மெக்கானிக் இம்மானுவேலைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார். நல்லகாமன் அவசரமாக வேண்டாமென்று தலையை ஆட்டினார். "அவன் கடை இன்னைக்கு லீவு."

"தொறந்துதான இருக்கு, காலைல கறி வாங்கப் போனப்பப் பாத்தனே."

"லீவுன்னா லீவு."

என் மானம் போவதை உட்கார்ந்து பார்க்க எவ்வளவு ஆசை இந்த மனிதருக்கு என்று பாலமுரளிக்கு அழுகையே வந்தது. சத்யா ஜன்னலில் நின்று நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கைதான் அவனை அதிகம் வதைத்தது. ஒத்துக்கொண்டு எழுந்துவிடலாம்தான். எழுந்தால் இந்த ஜென்மத்தில் தன்னை யார் மாப்ள என்று கூப்பிடப் போகிறார்கள்?

கடைசி முயற்சியாக பேட்டரியைக் கழற்றித் துடைத்து மாட்டினான். சிவப்பு இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பையும் கறுப்பு இருக்கவேண்டிய இடத்தில் சிவப்பையும் வைத்து முடுக்கினான். சுர்ரென்று ஒரு பொறி. ஒயரிலிருந்து புகை கிளம்பியது.

"மாப்ள, கைய எடுங்க."

நல்லகாமன் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டார். ஒயரைத் துணியால் பிடித்துப் பிடுங்கி எறிந்தார். பிறகுதான் தன் வாயில் என்ன வந்தது என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கன்றுக்குட்டியைத் தேடினார். அது முதுகைக் காட்டி நின்றது.

ஜன்னலில் சத்யா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பாலமுரளியின் இரண்டு விரல் நுனி எரிந்தது. பத்து விரலும் எரிந்திருந்தாலும் அவனுக்கு அப்போது வலித்திருக்காது.

தேங்காய் எண்ணெய் கொண்டுவரச் சொல்லி அவரே தடவிவிட்டார். கூப்பிட்டாயிற்று, இனி எதற்கு வீம்பு என்று தோன்றியதோ என்னவோ, பேச ஆரம்பித்தார். அப்பா என்ன தொழில் பார்த்தார் என்று கேட்டார். அவள் ராத்திரி ஒழுங்காகத் தூங்குகிறாளா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். உங்க பாஷையில மாமனாரை எப்படிக் கூப்பிடுவீக என்று கேட்டு, அவன் சொன்னதைத் தானும் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். வராததற்குச் சிரித்தார். சாக்கில் பரப்பிய உதிரிகளுக்கு நடுவிலேயே இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கறிக்குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து அவன் தட்டுக்குத் தள்ளினார்.

ஐந்து மணி பஸ் போய்விட்டது. பஸ் நிற்கும் இடத்துக்கு வயிற்றுப்பிள்ளைக்காரியை நடத்திக் கூட்டிப் போக முடியாது, வண்டியோ சாக்கில் கிடக்கிறது. "இருந்துட்டுக் காலைல போங்க மாப்ள" என்றார் நல்லகாமன், ரொம்பச் சாதாரணமாக.

பாலமுரளிக்குக் குற்ற உணர்ச்சி தாங்கவில்லை. உங்க வண்டியப் பாழாக்கிட்டேன் மாமா, எனக்கு வண்டி வேலை ஒண்ணும் தெரியாது என்று சொல்லிவிட வாயெடுத்தான். அதற்குள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. பாண்டிமீனா யாருக்கும் தெரியாமல் போன் போட்டிருந்தார். பையோடு இறங்கினார் இம்மானுவேல்.

நல்லகாமன் எழுந்து நின்று அவருக்கு ஏதோ கண்ஜாடை காட்டினார். இம்மானுவேல் அதைக் கவனிக்கவில்லை. கழற்றிக் கிடந்த ஹெட்லைட்டையும், பிளக்கையும், கருகிய ஒயரையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு நெற்றியில் கையை வைத்துக்கொண்டார்.

"என்னண்ணே இது, மாப்ள வந்ததும் சரிபண்ணி நம்மகிட்டப் பேர் வாங்கட்டும், ஒரு சின்னக் கோளாறு வச்சுக் குடுன்னு நேத்து வந்து நின்னீகளேன்னு நான் ஐடிலிங் ஸ்குரூவ அரைச் சுத்துதான திருகிவிட்டேன், இம்புட்டையும் யாரு பிரிச்சது?"