அம்மாவின் இருபத்தேழு வியாதிகளும் அப்பாவின் ‘ஒன்னும் இல்ல’வும்

வீட்டில் ஒருத்திக்குப் படிவம் நிரப்பத் தெரியும் என்ற செய்தி சொந்தக்காரர்கள் மத்தியில் பரவிவிட்டால், அதற்கப்புறம் அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. நான் அப்படிப்பட்ட ஒருத்தி. இங்கே மலேசியாவில், பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பதினெட்டு வருடமாகக் கிளார்க். யாருக்குப் பாஸ்போர்ட் என்றாலும், யார் பிள்ளைக்கு ஸ்கூல் என்றாலும், “கவிதாகிட்ட குடு, அவ பாத்துக்குவா” என்பார்கள். எனக்கும் உள்ளூர ஒரு கர்வம் உண்டு. பேனாவைக் கையில் எடுத்தால் அரசாங்கமே எழுந்து நிற்கும் என்று நினைப்பு.

அந்த நினைப்பில்தான் அம்மா அப்பாவுக்கு மெடிக்கல் கார்டு, அதாவது ஆஸ்பத்திரிச் செலவுக்கான இன்சூரன்ஸ், எடுக்கப் போனேன்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. என்னோடு வேலை செய்யும் ரேணுகா செலாயாங்கிலிருந்து வருகிறவள். அவள் அப்பாவுக்கு நெஞ்சு அடைப்பு. இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாகத் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவருக்குப் பத்து வருடமாகப் பிரஷர் இருந்ததைப் படிவத்தில் சொல்லவில்லை என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. “ஒரே ஒரு டிக் கவி. அந்த ஒரு டிக்கைத் தப்பா போட்டுட்டோம்” என்று அலுவலகத்தில் டீ போடும் பேன்ட்ரியில் நின்று அழுதாள்.

எனக்கு உடனே என் அப்பாவின் ஞாபகம் வந்தது. அவர் கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வோடு கம்பெனி கொடுத்த மருத்துவச் சலுகையும் போய்விட்டது. அவருக்கு அடுத்த பிறந்தநாள் வந்துவிட்டால் புதிதாகச் சேர்க்க வயது தாண்டிவிடும். கையில் மூன்றே வாரம்.

எங்கள் அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சேகர் அண்ணனைப் பிடித்தேன். இன்சூரன்ஸ் ஏஜென்ட். பொறுமையான மனிதர். இரண்டு படிவங்களைக் கொடுத்து, “தங்கச்சி, எதையும் மறைக்காதீங்க. என்ன வியாதி இருந்தாலும் எழுதிடுங்க” என்றார். அந்த நேரம் பார்த்து எனக்கு நண்டுக் குழம்பு வந்தது. அவர் தொடர்ந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். நான் நண்டின் காலைக் கடித்துக்கொண்டே தலையாட்டினேன். (அவர் சொன்னது என்ன என்பது பின்னால் தெரிந்தது. அதற்குள் காலம் கடந்துவிட்டது.)

சனிக்கிழமை சாயங்காலம் கிள்ளானில் இருக்கும் வீட்டுக்குப் போய், அம்மாவை எதிரில் உட்கார வைத்தேன்.

“அம்மா, ஒடம்புல என்னென்ன இருக்குன்னு ஒன்னு விடாம சொல்லுங்க. எதையும் மறைக்கக் கூடாது.”

அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. நாற்பது வருடமாக இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் காத்திருந்தார். எங்கள் வீட்டில் அம்மா “இடுப்பு…” என்று ஆரம்பித்தால் ஆளாளுக்கு எழுந்து போவது வழக்கம். இன்றோ மகளே பேனாவோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “எழுதிக்க” என்றார்.

எழுதினேன். அன்று சாயங்காலமும் எழுதினேன், மறுநாள் காலையும் எழுதினேன். காலையில் எழுந்தால் இடுப்பு பிடிக்கும். நடந்தால் விடும். உட்கார்ந்தால் மறுபடி பிடிக்கும். கண் எரியும், சீரியல் நேரத்தைத் தவிர. சாப்பிட்டால் நெஞ்சு கரிக்கும், சாப்பிடாவிட்டால் தலை சுற்றும். இடது தோளில் புறப்படும் வாயு முதுகு வழியாக இறங்கி வலது முழங்காலுக்குப் போகும். படிவத்தில் கொடுத்திருந்த இடம் பத்தாமல் மூன்று தாள்களைச் சேர்த்துப் பின் அடித்தேன். மொத்தம் இருபத்தேழு. எல்லாவற்றையும் சுத்தமான ஆங்கிலத்தில், வக்கீல் நோட்டீஸ் நடையில், எண் போட்டு எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

அப்பா பக்கத்து நாற்காலியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, உங்களுக்கு?”

“எனக்கு ஒன்னும் இல்லம்மா.”

அவ்வளவுதான். அவர் படிவத்தில் ‘இல்லை’, ‘இல்லை’, ‘இல்லை’ என்று மேலிருந்து கீழே கோடு இழுத்த மாதிரி டிக் போட்டேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திரும்பி அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அப்பா கண்ணாடியைத் தேடாமலே கையெழுத்துப் போட்டார்.

அனுப்பிய நான்காம் நாள், அலுவலகத்தில் போன் வந்தது. இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை செய்யும் மலாய்ப் பெண். குரல் மிகவும் பவ்வியமாக இருந்தது. சில விவரங்களை உறுதி செய்ய வேண்டுமாம். அவர் மலாயில் கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

“மிஸ், உங்கள் அம்மாவின் உயரம் ஐந்து சென்டிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள்.”

அம்மா அடிக்கணக்கில் சொன்ன ஐந்தை அப்படியே சென்டிமீட்டர் கட்டத்தில் எழுதியிருக்கிறேன்! பதினெட்டு வருட அனுபவம்! திருத்திச் சொன்னேன்.

“நன்றி மிஸ். அடுத்து, பதினான்காம் எண். தோளிலிருந்து முழங்காலுக்குப் பயணம் செய்யும் காற்று. இது இன்னும் பயணத்தில்தான் இருக்கிறதா?”

பக்கத்து மேசையில் ரேணுகா தலையைத் தூக்கினாள். நான் குரலைத் தாழ்த்தி, “சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது” என்றேன்.

“எந்த டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னார்?”

“டாக்டர் சொல்லவில்லை. அம்மாதான் கண்டுபிடித்தார்.”

“என் அம்மாவுக்கும் காற்று உண்டு மிஸ். ஆனால் முழங்கால் வரைக்கும் போனதில்லை” என்றார் அந்தப் பெண். சிரிப்பை அடக்குகிறார் என்று நன்றாகத் தெரிந்தது. இருபத்தேழையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் கிசுகிசுத்துக்கொண்டே பதில் சொன்னேன். முடியும்போது எங்கள் வக்கீல் தன் அறைக் கதவைத் திறந்து, “கவிதா, யாருக்கு என்ன ஆச்சு?” என்று பதறிப்போய்க் கேட்டார்.

முடிவு, அம்மாவும் அப்பாவும் கிள்ளானில் கம்பெனி சொல்லும் கிளினிக்குக்கு வெறும் வயிற்றோடு பரிசோதனைக்கு வர வேண்டும்.

அம்மா கல்யாணத்துக்குக் கிளம்புவது போலக் கிளம்பினார். பட்டுப்புடவை. கையில் ஒரு பை. அதற்குள் அவர் பூசும் தைலங்கள், ஒட்டும் பிளாஸ்டர்கள், எல்லாம் சாட்சியத்துக்கு. அப்பா வழக்கம்போல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார்.

டாக்டர் இளம் பெண், நம் ஆள்தான். அம்மாவைப் படுக்க வைத்துப் பார்த்தார், உட்கார வைத்துப் பார்த்தார், காலைத் தட்டினார், நெஞ்சில் வயர் ஒட்டிப் படம் எடுத்தார். கடைசியில் சிரித்துக்கொண்டே சொன்னார்.

“ஆன்டி, ரத்த ரிப்போர்ட் ரெண்டு நாள்ல வரும். இப்போதைக்கு எல்லாமே நார்மல்லா. பிரஷர்லாம் சின்னப் பொண்ணு மாதிரி இருக்கு.”

நன்றி சொல்வார் என்று பார்த்தால், அம்மா முகம் சுருங்கிவிட்டது. “நல்லா பாத்தீங்களா டாக்டர்?” என்றார். “மெஷின்ல கோளாறு இருக்கப் போவுது.”

அடுத்து அப்பா. அம்மாவை வெளியில் உட்காரச் சொன்னார்கள், அவர் அசையவில்லை. டாக்டர் அப்பாவின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்று ஏற்றினார். எண்ணைப் பார்த்தார். இறக்கி, மறுபடி ஏற்றினார். பிறகு நான் டிக் போட்ட படிவத்தைப் புரட்டிக்கொண்டே, மிகச் சாதாரணமாகக் கேட்டார்.

“அங்கிள், காலையில மருந்து சாப்பிட்டீங்களா?”

“இல்ல டாக்டர். ரத்தம் எடுக்கணும், வெறும் வயித்தோட வாங்கன்னு சொன்னாங்க. அதான் ரெண்டையும் சாப்பிடல.”

“எந்த ரெண்டு?” என்று டாக்டரும் அம்மாவும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

சொன்னது என்ன என்று அப்போதுதான் அப்பாவுக்கே உறைத்தது.

“எந்த ரெண்டுங்க?” என்றார் அம்மா மறுபடியும்.

“பிரஷருக்கு ஒன்னு. சீனிக்கு ஒன்னு,” என்றார் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு. “நாலு வருஷமா.”

மெல்ல மெல்ல எல்லாம் வெளியில் வந்தது. சில நாள் காலையில் பாசாருக்கு மீன் வாங்கப் போகிறவர் மூன்று மணி நேரம் கழித்துத்தான் வருவார். கூட்டாளிகளோடு கதை பேசுகிறார் என்று அம்மா திட்டுவார். உண்மையில் அவர் அந்த நேரமெல்லாம் அரசாங்க கிளினிக்கில் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மருந்துகளைக் காரின் பின்பக்கம், ஸ்பேர் டயருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். “அந்த வெயில்லயா அங்கிள்?” என்று டாக்டர் தலையில் கை வைத்தார்.

“ஏம்பா சொல்லல?” என்றேன்.

“உங்கம்மாவுக்கே இவ்ளோ வியாதி. ஒரு வீட்டுக்கு ஒரு நோயாளி போதும்மா,” என்றார் அப்பா. கொஞ்சம் யோசித்து, “அதோட, தெரிஞ்சா நான் குடிக்கிற தே தாரிக் டீய நிறுத்திடுவா” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அம்மா கத்தவில்லை. தைலப் பையை மடியில் வைத்துக்கொண்டு, “எனக்குத் தெரியாம உங்களுக்கு வியாதியா?” என்றார். கண் கலங்கியிருந்தது. அது கோபமா, பயமா, இத்தனை வருடம் ஏமாந்துவிட்டோமே என்ற ஆற்றாமையா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பா மெதுவாக அவர் கையைத் தொட்டார். அம்மா தட்டிவிட்டார். பிறகு அவரே அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டர் என்னிடம் திரும்பினார். “இன்னைக்கே வெளிய வந்தது நல்லதாப் போச்சு அக்கா. கார்டு கெடச்சதுக்கு அப்புறம் அங்கிள் ஆஸ்பத்திரியில படுத்து, அப்ப இது தெரிஞ்சிருந்தா, அவங்க ஒன்னும் குடுத்திருக்க மாட்டாங்க.”

ரேணுகா பேன்ட்ரியில் அழுதது ஞாபகம் வந்தது. அவள் வீட்டில் ஒரு டிக்தான் தப்பு. நான் ஒரு பக்கம் முழுக்கத் தப்பாகப் போட்டிருந்தேன். அதுவும் செய்தி முடிவதற்குள்.

அன்று மத்தியானமே சேகர் அண்ணனைப் பார்த்துப் படிவத்தைத் திருத்தினேன். இந்த முறை அப்பாவை எதிரில் உட்கார வைத்து, மருந்து அட்டையையும் கிளினிக் புத்தகத்தையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு கேள்வியாகத் தமிழில் சொல்லி, பதில் வந்த பிறகே டிக் போட்டேன். சேகர் அண்ணன் அம்மாவின் மூன்று தாள்களின் நகலையும் படித்துவிட்டு, மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தங்கச்சி, அன்னிக்கு நான் என்ன சொன்னேன்? டாக்டர் கண்டுபிடிச்சது, மருந்து எடுக்குறது, ஆஸ்பத்திரியில படுத்தது, இதெல்லாம் எழுதுங்கன்னு சொன்னேன்லா?”

“நண்டு சாப்பிட்டுட்டு இருந்தேன் அண்ணே.”

பிறந்தநாளுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அப்பாவுக்குக் கார்டு கிடைத்தது. கட்டணம் கொஞ்சம் அதிகம், சர்க்கரையால் வரும் சில சிக்கல்கள் சேராது. ஆனால் படிவத்தில் இருப்பது எல்லாம் உண்மை. அம்மாவை எந்த நிபந்தனையும் இல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு அது பெரிய அவமானம். ரத்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் போனார். ‘ஒன்றும் இல்லை’ என்று சொன்னதற்கு இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்டவர் மலேசியாவிலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார். அந்த டாக்டரும் ஒன்றும் இல்லை என்றார். இப்போது அப்பாவின் மாத்திரைகள் சாமி அறைக்குப் பக்கத்து அலமாரியில். அம்மாவே மணி பார்த்து எடுத்துக் கொடுக்கிறார். அந்த வேலை வந்ததிலிருந்து அவர் இடுப்பு கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

இதோடு முடிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். பாலிசிப் புத்தகம் வந்தபோது, கம்பெனிக்காரர்கள் நாம் எழுதிக் கொடுத்த படிவத்தின் நகலையும் அதோடு சேர்த்து அனுப்பியிருந்தார்கள், அந்த மூன்று தாள்கள் உட்பட. அம்மா அதைப் பெருமையாகச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார். அந்த ஞாயிறு சுங்கை வேயிலிருந்து தம்பியும் அவன் மனைவி தேவியும் வந்தார்கள். தேவி புரட்டிக்கொண்டே போனவள் பத்தொன்பதாம் எண்ணில் நின்றாள். சத்தமாகத் தமிழில் மொழிபெயர்த்துப் படித்தாள்.

“மருமகள் போன் செய்தால் நெஞ்சு படபடக்கும். பேசி முடித்ததும் தானாகச் சரியாகிவிடும்.”

தம்பி வாயிலிருந்த கோழித் துண்டை மெல்லாமலே விழுங்கினான். அப்பா செய்தியின் சத்தத்தைக் கூட்டினார். அம்மா என்னைப் பார்த்தார், நான் மேசை விரிப்பைப் பார்த்தேன். தேவிதான் முதலில் வெடித்துச் சிரித்தாள். நல்ல பிள்ளை.

அன்றிலிருந்து அவள் வாரா வாரம் போன் செய்து இப்படித்தான் ஆரம்பிக்கிறாள்: “அத்தை, பத்தொன்பதாம் நம்பர் பேசுறேன். நெஞ்சு எப்படி இருக்கு?”

அம்மாவும் சளைப்பதில்லை. “இதுவரைக்கும் நார்மல்லா. சீக்கிரம் பேசிட்டு வையி.”

பிறகு இருவரும் ஒரு மணி நேரம் பேசுவார்கள்.